கோயில் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயிலோடு சேர்ந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சில வருடமாக இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். அப்புறம் ஃபீனிக்ஸ் பக்கமும் இசிபிங்கோ பக்கமும் இரண்டு மூன்று கோயில்காரர்கள் கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுதான். பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிப் பேப்பரில் ஏதாவது செய்தி வந்ததும் கமிட்டி பதறிப்போய் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுவிடும். ஹால் நிறைய ஆட்கள், ஒரு டாக்டர் பேச்சு, சமோசா, டீ. எல்லாம் முடிந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை வந்து ஒரு அக்காவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து மெதுவாக ஏதோ சொல்லும். அந்த அக்காவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது, என்ன கேட்கலாம் என்ன கேட்கக் கூடாது என்றும் தெரியாது.

எங்கள் வகுப்பில் அப்படித்தான் ஆனது. பேசச் சொல்லிவிட்டோம், கேட்க ஆள் தயாராக இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கூட்டம் எட்டாவது இடத்தில்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஏழையும் முடிக்க எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது.

1. மூன்று பேரைப் பிடியுங்கள்

பன்னிரண்டு பேர் கொண்ட துணைக்குழு வேண்டாம். பன்னிரண்டு பேருக்குத் தெரிந்தால் மறுநாள் காலை ஊருக்கே தெரியும். மூன்று பேர் போதும்: ஒரு பெண் கட்டாயம், ஒரு ஆணும் இருக்கட்டும், மூன்றாமவர் கமிட்டிக் குடும்பங்களோடு சொந்தமே இல்லாதவராக இருக்க வேண்டும்.

இந்த மூன்றாமவர்தான் முக்கியம். நம் கோயில்களில் தலைவர், பொருளாளர், வாத்தியார் எல்லாரும் மாமன் மச்சான். ஒருவர் மீது புகார் வந்தால் அது அவருடைய சித்தப்பா காதில்தான் போய் விழும். சொல்ல வந்த பிள்ளைக்கு இது நமக்கு முன்பே தெரியும், அதனால்தான் சொல்லாமல் இருக்கும். ஆண் ஏன் என்றால், பாதிக்கப்படுவது பெண்பிள்ளைகள் மட்டும் இல்லை. ஒரு பையன் ஒரு அண்ணனிடம் சொல்லக்கூடும், ஆன்ட்டியிடம் சொல்லமாட்டான்.

2. மருத்துவமனை வாசல்வரை போய்ப் பாருங்கள்

எண்ணை எழுதி வைப்பது மட்டும் போதாது, மூன்று பேரும் ஒருமுறை நேரில் போக வேண்டும். சாட்ஸ்வொர்த்துக்கு ஆர். கே. கான் மருத்துவமனையில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான துத்துசேலா மையம் இருக்கிறது. ஃபீனிக்ஸுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, உம்லாசி பக்கம் என்றால் பிரின்ஸ் ம்ஷியேனி. டாக்டர், ஆலோசகர், போலீஸ் எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரவைப்பதுதான் இந்த மையத்தின் வேலை. பாதிக்கப்பட்டவர் நாலு கவுன்டரில் நாலு தடவை அதையே சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

நேரில் ஏன்? இரவு பதினோரு மணிக்கு அழுகிற ஒரு பெண்ணைக் காரில் வைத்துக்கொண்டு எந்த கேட், எந்த பிளாக் என்று செக்யூரிட்டியிடம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. விசாரித்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டிவரும்.

போன இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை ஐந்து நாள் வரைக்கும் உண்டு. போலீஸில் கேஸ் பதியாமலேயே சிகிச்சை பெறலாம். பெரியவர்கள் பலர் கேஸுக்குப் பயந்தே மருத்துவமனைப் பக்கம் போவதில்லை என்பதால் இதை நன்றாக மனதில் வையுங்கள். 72 மணி தாண்டிவிட்டால் போய்ப் பிரயோஜனமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரைக்குத்தான் அந்தக் கணக்கு, மற்ற உதவிக்கு இல்லை.

நம் வீடுகளில் முதலில் செய்வது குளிப்பாட்டுவது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துணியை வாஷிங் மெஷினில் போட்டு, டீ போட்டுக் கொடுப்பார்கள். பாசம்தான், ஆனால் தடயம் போய்விடும். முடிந்தால் குளிக்காமல், போட்டிருந்த துணியோடு அல்லது அதைக் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அதனால்தான் காகிதம். ஏற்கனவே குளித்துவிட்டிருந்தால் அதற்காகத் திட்டாமல் அப்படியே கூட்டிப் போங்கள்.

எண்கள் மூன்று: போலீஸ் 10111, பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைன் 116, பாலின வன்முறைக்கான 24 மணி நேர மையம் 0800 428 428. நேராகக் கூப்பிட முடியாதவர் *120*7867# அடித்தால் அந்த மையத்திலிருந்து அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். எழுதியதும் ஒவ்வொன்றையும் நீங்களே அடித்துப் பாருங்கள். நாங்கள் அழகாக லாமினேட் செய்து ஒட்டிய போஸ்டரில் சைல்ட்லைனின் பழைய எண் இருந்தது. எங்கோ ஒரு பழைய நோட்டீஸைப் பார்த்து அடித்திருக்கிறோம். ஏழெட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை.

3. சட்டத்தில் இரண்டு வரி

முழுச் சட்டமும் படிக்க வேண்டாம், ஆனால் இந்த இரண்டும் மூன்று பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம், பிரிவு 54: ஒரு பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது உங்களுக்குத் தெரிந்தாலோ, நடந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தாலோ உடனே போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் யாராக இருந்தாலும் சரி. சொல்லாமல் மறைத்தால் ஐந்து வருடம் வரை சிறை. 2005-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பிரிவு 110: ஆசிரியர், மதத் தலைவர், சமூகப் பணியாளர் மாதிரியானவர்கள் நியாயமான சந்தேகம் இருந்தாலே சமூக மேம்பாட்டுத் துறைக்கோ, அங்கீகாரம் பெற்ற சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கோ, போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 22. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதைக் கமிட்டிக் கூட்டத்தில் முன்கூட்டியே வாசித்து மினிட்ஸில் பதியுங்கள். சம்பவம் நடந்த அன்று வாசித்தால் அது வாதமாகிவிடும், "கோயில் மானம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அமைதியான நாளில் வாசித்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் பின்னால் தேவைப்படும். குருக்களும் கூட்டத்தில் இருக்கட்டும், மதத் தலைவர் என்ற சொல்லில் அவரும் அடக்கம்.

"அது பழைய கதை, இனி என்ன" என்ற பேச்சும் வரும். இருபது வருடம் கழிந்தால் பாலியல் குற்றத்துக்கு வழக்கில்லை என்ற காலவரம்பை 2020-இல் எடுத்துவிட்டார்கள்.

4. இருட்டில் ஒரு சுற்று

ஜூன் மாதத்தில் டர்பனில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்துச் சுற்றுங்கள், பகலில் சுற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் போனது கரன்ட் இல்லாத ஒரு மாலை, போன் வெளிச்சத்தில்தான் போனோம். ஹாலுக்குப் பின்னால் கழிப்பறை, அதற்குப் போகும் நடையில் ஒரே ஒரு பல்பு, அதுவும் எரியாது. அண்டா குண்டானெல்லாம் வைத்திருக்கும் ஸ்டோர் ரூமுக்குப் பூட்டு உண்டு, ஆனால் சாவி வெளியே ஆணியில் தொங்குகிறது. யார் எப்போது எடுத்தார், எப்போது மாட்டினார் என்று ஒருவருக்கும் தெரியாது. "முப்பது வருஷமா அங்கேதான் தொங்குது" என்றார் வாட்ச்மேன் தாத்தா.

சாவியைப் பொறுப்பானவரிடம் மாற்றியது, வகுப்புக் கதவில் கண்ணாடிச் சதுரம் வைத்தது, கழிப்பறை நடையில் பேட்டரி விளக்கு மாட்டியது, இவைதான் செலவு. பிள்ளைகளையும் கூட்டிப்போய் "எந்த இடத்துக்குத் தனியாகப் போகப் பிடிக்காது?" என்று கேளுங்கள். நமக்குத் தோன்றாத ஒரு இடத்தைக் காட்டுவார்கள். எங்களுக்குக் காட்டியது தேர்க்கொட்டகை.

5. ஒரு பக்கத்துக்கு விதி

வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் பதினாலு பக்கக் கொள்கையை இறக்கி, கோயில் பெயரை மட்டும் மாற்றி, ஃபைலில் வைத்துவிடுவார்கள். யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழிலும் இங்கிலீஷிலும், இங்கே பெற்றோர் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது.

எங்கள் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது. பாட்டுக்குத் தனிப் பயிற்சி என்றால் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுவதென்றால் காரில் இன்னொருவர் இருக்க வேண்டும், பெற்றோருக்கு மெசேஜ் போக வேண்டும். வாத்தியார் பிள்ளைக்குத் தனி வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் இருக்கும் குரூப்பில். திருவிழாவுக்கு உடை மாற்றும் அறையில் போனுக்கு இடமில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, டாப்-அப், சாக்லேட் என்று கொடுக்கக் கூடாது.

கடைசி விதிக்குத்தான் முகம் சுளிப்பார்கள், "பிள்ளைக்கு ஒரு சாக்லேட் கொடுத்தால் தப்பா?" என்று. தப்பில்லை, எல்லாருக்கும் கொடுங்கள். பிள்ளையைத் தனியாகப் பிரித்து, பரிசும் ரகசியமும் கொடுத்துப் பழக்குவதில்தான் இது தொடங்குகிறது. அப்படிப் பழக்குவதே இந்த நாட்டுச் சட்டத்தில் தனிக் குற்றம். விதி இருந்தால் ஒருவரைக் குற்றம் சாட்டாமலேயே "அண்ணே, நம்ம ரூல் இப்படி" என்று நிறுத்திவிடலாம். அதுதான் இதன் முழுப் பயன். விதி மீறியவரைக் குற்றவாளி என்று நினைக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு மீறலையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று தடவை வந்தால் கண்ணில் படும்.

விதி குருக்களுக்கும் தலைவருக்கும் சேர்த்துத்தான். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

6. ஆட்களைச் சரிபார்ப்பது

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், சம்பளம் வாங்காத தொண்டரானாலும், மூன்று காகிதம்: போலீஸ் நன்னடத்தைச் சான்று, சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியல்) பெயர் இல்லை என்ற பதில், பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று. சிறுவர் பதிவேட்டுக்குக் கோயில் சார்பில் விண்ணப்பிக்கப் படிவம் 30. பதில் வர வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதக்கணக்கில். அதனால் இதை முதல் வாரமே அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

காகிதம் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பிடிபட்டுத் தீர்ப்பானவர் பெயர்தான் அதில் பெரும்பாலும் இருக்கும். முன்பு எந்தக் கோயிலில், எந்த வகுப்பில் இருந்தார் என்று கேட்டு அங்கே ஒரு போன் போடுங்கள். "ஏன் விட்டுப் போனார்?" என்ற கேள்விக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் நேரம் சத்தமில்லை என்றால், நேரில் போய்ப் பேசுங்கள்.

7. கேட்கப் பழகுவது

இதை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்குப் பாதி வேலையே இதுதான். இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் பிள்ளை, ஒருவர் பெரியவர். பிள்ளையாக இருப்பவர் ஒரு வரிதான் சொல்ல வேண்டும்: "எனக்கு அந்த மாமா கார்ல போகப் பிடிக்கல."

ஒரு தடவை இப்படிச் செய்தபோது, பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருக்கும் ஒரு அம்மா வாயைத் திறந்ததும் வந்த முதல் சொல், "அவரா? அவர் ரொம்ப நல்லவராச்சே." சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். நடிப்பில் வந்தது நல்லதாகப் போயிற்று. உண்மையில் வந்திருந்தால் அந்தப் பிள்ளை அதோடு நிறுத்தியிருக்கும்.

பழக வேண்டிய வரிகள் கொஞ்சம்தான். "சொன்னது நல்லதாச்சு." "உன் மேல தப்பில்ல." "இன்னும் சொல்லணும்னா சொல்லு." அவ்வளவுதான், அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்கக் கூடாது, பிள்ளைக்கு அது திட்டு மாதிரிதான் கேட்கும். "இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. பின்னால் கோர்ட்டில், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். விசாரிப்பது எஃப்.சி.எஸ். பிரிவுப் போலீஸின் வேலை. குடும்ப வன்முறை, சிறுவர் பாதுகாப்பு, பாலியல் குற்றம் மூன்றுக்கும் சேர்ந்த தனிப் பிரிவு அது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று பிள்ளை கேட்கும். பண்ணாதீர்கள். மூன்றாம் படியில் பார்த்தோமே, நீங்கள் சொல்லியாக வேண்டியவர். "உனக்கு உதவி செய்யறவங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லணும், யார்னு உனக்கு முதல்லயே சொல்றேன்" என்று சொல்லலாம். சத்தியம் செய்து மீறினால், அதற்கு மேல் அந்தப் பிள்ளை எந்தப் பெரியவரையும் நம்பாது.

பிள்ளை போனதும் அரை மணிக்குள் எழுதுங்கள்: தேதி, நேரம், பிள்ளை சொன்ன சொல் அப்படியே. பிள்ளை கொச்சையாகச் சொன்னால் கொச்சையாகவே, பாதி இங்கிலீஷ் என்றால் பாதி இங்கிலீஷ். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று நீங்கள் மெருகு போட்டால் அது ஒன்றுக்கும் உதவாது.

8. இப்போது கூட்டம் போடலாம்

பெற்றோருக்கு ஒரு மணி நேரம் போதும். மூன்று பேரையும் நிற்க வைத்து முகத்தைக் காட்டுங்கள், அந்த ஒரு பக்க விதியைக் கையில் கொடுங்கள். ரோட்டில் போகும் அந்நியனைப் பற்றிப் பேசியே கூட்டம் ஓடிவிடும், விடாதீர்கள். பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான், வீட்டுக்கு வந்து போகிறவர், பல நேரம் குடும்பமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர். இதைச் சொன்னதும் ஹால் கொஞ்சம் அமைதியாகும். பரவாயில்லை.

ஆண்களைப் பின்வரிசையில் கைகட்டி நிற்க விட்டுவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசாதீர்கள். அவர்களுக்கென்று ஒரு வேலை உண்டு: கல்யாண வீட்டிலோ கோயில் வாசலிலோ ஒருவன் ஒரு பெண்ணை நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை, "தங்கச்சி, உன்னை அம்மா தேடறாங்க" என்று நடுவில் போய் நின்றால் போதும். பெரும்பாலும் அதிலேயே கலைந்துவிடும்.

9. பிள்ளைகளுக்கு

பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகுதான். முன்பே சொல்லிக் கொடுத்தால் பிள்ளை வீட்டில் போய்க் கேட்கும் கேள்விக்கு அம்மா அதட்டி வாயை அடைத்துவிடுவாள். உடல் உறுப்புகளுக்குச் சரியான பெயர் சொல்லிக் கொடுங்கள், செல்லப் பெயர் வேண்டாம். ஒரு பிள்ளை "பப்பாளி வலிக்குது" என்றால் கேட்பவருக்கு என்ன புரியும்?

ரகசியத்துக்கும் ஆச்சரியத்துக்கும் வித்தியாசம் சொல்லுங்கள். பாட்டி பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியது ஆச்சரியம், நாளைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும். என்றைக்குமே சொல்லக் கூடாது என்று பெரியவர் சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும். "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்துவதையும் விடுங்கள், வணக்கம் சொன்னால் மரியாதை குறைந்துவிடாது. வேண்டாம் என்று சொல்லிப் பழகாத பிள்ளைக்கு ஆபத்து நேரத்தில் மட்டும் அந்தச் சொல் எங்கிருந்து வரும்?

10. காவடி, தீமிதி, கூழ் ஊற்றும் நாள்

கூட்ட நாளில் வகுப்பு விதியெல்லாம் பறந்துவிடும், தனித் திட்டம் வேண்டும். உடை மாற்ற ஆண் பெண் தனி இடம், வாசலில் ஒரு அக்கா. காணாமல் போன பிள்ளை வந்து நிற்க ஒரு மேசை, மைக் பக்கத்தில். கழிப்பறைப் பக்கம் இரண்டிரண்டு தொண்டர்கள் மணிக்கு ஒருமுறை. அவ்வளவுதான், ஆனால் யார் எந்த மணி என்று பெயர் எழுதி ஒட்ட வேண்டும். எழுதாவிட்டால் எல்லாரும் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார்கள்.

11. பிள்ளை வந்து சொல்லிவிட்டால்

முதல் வேலை பிள்ளையின் உடல்நிலை. சமீபத்தில் நடந்தது என்றால் நேராகத் துத்துசேலா மையம். அடுத்தது போலீஸ், படிவம் 22. இரண்டும் அன்றைக்கே. வீட்டு ஆள் மீதே சந்தேகம் என்றால் வீட்டுக்கு முதலில் சொல்லாதீர்கள். 116-ஐக் கூப்பிட்டு, எப்போது யாரிடம் சொல்வது என்று கேட்டுச் செய்யுங்கள். பிள்ளை அந்த வீட்டுக்குத்தானே திரும்பப் போக வேண்டும்.

சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு "உண்மையா?" என்று கேட்பதுதான் இந்தப் படியில் மிகப் பெரிய தப்பு. கேட்ட அன்றே போனில் உள்ளதை அழித்துவிடுவார், பிள்ளை வீட்டுக்கும் ஆள் அனுப்புவார். அவரை வகுப்பு வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், ஆனால் எப்போது, என்ன சொல்லி நிறுத்துவது என்று போலீஸிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பிள்ளைகளோடு அவர் தனியாக இல்லாதபடி பார்ப்பது உங்கள் மூன்று பேரின் பொறுப்பு.

அப்புறம் பஞ்சாயத்து வரும். இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கவைத்து, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கி முடித்துவிடலாம் என்பார்கள். சம்பாதிக்கும் ஆள் உள்ளே போனால் குடும்பம் என்ன ஆகும் என்ற கேள்வி பொய்யில்லை, அதைச் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள், சோற்றுக்கு வழி தேடலாம். வழக்கை ஹாலில் முடிக்க முடியாது. மூன்றாம் படியில் எழுதிய மினிட்ஸை இப்போது எடுத்து மேசையில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் பெயர் போடுபவரை அன்றே நிறுத்துங்கள். பாதிக்கப்பட்ட, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுவது குற்றம், பாலியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட்டில் தன் பதிலைச் சொல்லும் முன் அவர் பெயரை வெளியிடுவதும் குற்றம். ஊர் சின்னது. "மூணாவது வகுப்புப் பொண்ணு, அப்பா பஸ் ஓட்டறார்" என்றாலே போதும், பெயரே வேண்டாம்.

12. அதற்குப் பிறகு

பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வந்தால் எல்லாரும் கண்கலங்கிக் கட்டிப்பிடிக்க வேண்டாம். போன வாரம் எந்தப் பாடத்தில் விட்டதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், தேதி தள்ளிப்போகும். மூன்று பேரில் ஒருவர் அந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக் குடும்பத்தோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும். போக வர காரும், மத்தியானத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் கோயில் செலவு.

நோட்டுப் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், சாவி ஆணியில் வேண்டாம். வருடா வருடம் ஜனவரியில், காவடிக்கு முன்னால், மூன்று எண்களையும் மறுபடி அடித்துப் பாருங்கள், கழிப்பறை விளக்கின் பேட்டரியையும்.